தையல் போடாத காயம்

பவுத்திர ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரின் கட்டைப் பிரித்துப் பார்க்கும் வீட்டார் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "தையலே போடல்லியா?" கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டியானாலும் திட்டுவிளையானாலும் அழகியபாண்டியபுரமானாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. குடலிறக்கத்துக்கு அறுத்தால் தையல் உண்டு. பிரசவத்துக்கு அறுத்தால் தையல் உண்டு. இங்கே மட்டும் சதை பிளந்தபடி கிடக்கிறது, அதன்மேல் மருந்துத்துணியை வைத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டர் மறந்துவிட்டாரோ, இலவச சிகிச்சை என்பதால் அலட்சியமோ என்றெல்லாம் மனசு ஓடும்.

யாரும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறந்து விட்டிருக்கிறார்கள். அது ஏன் என்று புரிந்துவிட்டால், அடுத்து வரும் ஆறு எட்டு வாரங்களை எப்படிக் கழிப்பது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். இந்த நோயில் அறுவை மருத்துவரின் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மிச்ச வேலை முழுவதும் நோயாளியின் வீட்டில், குளியலறையிலும் அடுக்களையிலும் நடக்கிறது. அந்த வேலையைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை என்பதுதான் என் கவலை.

ஆசனவாய்க் குழாய் நான்கு சென்டிமீட்டர் அளவேயான சிறு பாதை. அதன் நடுவாக்கில், குடலின் ஈரச் சவ்வு முடிந்து தோலினம் தொடங்கும் இடத்தில் வளையமாக ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னக் குழிகள். குழிகளுக்குள் வாய் திறக்கும் சளிச் சுரப்பிகள், பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பத்து வரை இருக்கும். மலம் வழுக்கிப் போகக் கொஞ்சம் சளியைச் சுரப்பது தவிர இவற்றுக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. ஏதோ ஒரு நாள் அவற்றில் ஒன்றின் வாய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே கிருமி பெருகிச் சீழ் கட்டுகிறது. சுரப்பியின் வேர் தசைகளுக்கு நடுவே புதைந்திருப்பதால், சீழ் அங்கிருந்து இளகிய இடம் பார்த்து இறங்கிப் பிட்டத்துத் தோலில் கட்டியாக எழும்புகிறது. உட்கார முடியாத வலி, காய்ச்சல். கட்டி தானே உடையும், அல்லது டாக்டர் கீறிவிடுவார். அன்றைக்கே வலி போய்விடும். நோய் தீர்ந்ததென்று நினைப்போம்.

பலருக்கு அத்தோடு தீர்ந்தும்விடுகிறது. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, கீறிய இடம் முழுக்க மூடாமல் சின்னத் துளையாக நின்றுவிடும். ஒரு மாதம் ஒன்றும் இருக்காது. அடுத்த மாதம் வேட்டியில் கறை. பிறகு வீக்கம், வலி, உடைப்பு, மறுபடி அமைதி. உள்ளே சுரப்பியின் வாயும் வெளியே தோலின் துளையும் ஒரு சுரங்கவழியால் இணைந்துவிட்டன. அதுதான் பவுத்திரம். வெளித்துளைக்கு எத்தனை களிம்பு போட்டாலும் அது ஆறாததற்குக் காரணம் நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு உடனே பிடிபடும். குளத்து மடை திறந்து கிடக்கும்போது கடைசி வயலின் வாய்மடையில் மண்ணை வெட்டிப் போட்டால் தண்ணீர் நிற்காது, வேறொரு வரப்பை உடைத்துக்கொண்டு போகும். உள்வாய் திறந்திருக்கும்வரை குடலின் கிருமிகள் அந்தப் பாதையில் வந்துகொண்டே இருக்கும். வெளிவாயை மட்டும் மூடினால் பக்கத்தில் இன்னொரு துளை.

சுரப்பிதான் தொடக்கம் என்பதைத் தெளிவாக நிறுவியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆலன் பார்க்ஸ். அது 1961-ல். பிறகு 1976-ல் அவரும் இரு சகாக்களும் நானூறு நோயாளிகளை ஆராய்ந்து, பவுத்திரத்தை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அந்தப் பாதை சுருக்குத்தசைகளை எந்த உயரத்தில், எப்படிக் கடந்து போகிறது என்பதே அந்தப் பிரிவின் அடிப்படை. இன்றும் உலகமெங்கும் அறுவைக் கூடங்களில் அந்தக் கணக்குதான் பேசப்படுகிறது.

சுருக்குத்தசை ஏன் இத்தனை முக்கியம்? ஆசனவாயைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் உண்டு. உள்வளையம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது. நாம் தூங்கும்போதும் அது இறுக்கிப் பிடித்தபடி இருக்கும். ஓய்வு நேர இறுக்கத்தில் பெரும்பங்கு அதனுடையது. வெளிவளையம் நம் சொல் கேட்கும். பேருந்தில் அவசரம் வந்தால் வீடு சேரும்வரை அடக்கிவைக்க உதவுவது அதுதான். பவுத்திரப் பாதை இந்த வளையங்களின் அடிப்பகுதியை மட்டும் தொட்டுச் சென்றால், பாதையை முழுக்கப் பிளந்து விரித்து விடலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதிலேயே குணம் கிடைக்கிறது. பாதை உயரத்தில் தசையின் பெரும்பகுதியைத் துளைத்துப் போனால் அப்படிப் பிளக்க முடியாது. பிளந்தால் நோய் போகும், அடக்கும் சக்தியும் கூடவே போகும். அதனால்தான் இப்போது பல மருத்துவர்கள் அறுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாதையின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கலான பாதைக்குச் சில மாதம் தளர்வாக ஒரு நூலைக் கோத்து வைத்துச் சீழை வடியவிடுவது, தசைகளுக்கு நடுவே புகுந்து பாதையைக் கட்டித் துண்டிப்பது என்று வேறு முறைகள் உண்டு. கட்டித் துண்டிக்கும் முறையைப் பாங்காக்கின் அருண் ரோஜனசகுல் 2007-ல் வெளியிட்டார். தசையை வெட்டாத முறைகளில் நோய் திரும்பும் வாய்ப்புக் கொஞ்சம் அதிகம். அதைத் தெரிந்துகொண்டேதான் அடக்கும் சக்தியைக் காப்பாற்ற இந்த முறைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இப்போது அந்தத் தையல் கேள்விக்கு வருவோம். பிளந்த பாதையின் மேல்தோலை இழுத்துத் தைத்துவிட்டால் என்ன ஆகும்? அடியில் குழி அப்படியே இருக்கும். கிருமி நிறைந்த இடம் அது. மேலே மூடி, உள்ளே குழி என்றால் சில நாளில் மறுபடி சீழ்க்கட்டி. ஆகவே காயம் அடியிலிருந்து மேல்நோக்கி நிரம்பி வர வேண்டும், தோல் கடைசியில்தான் மூட வேண்டும். காயத்தின் தரையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்துச் சிவந்த குருணைபோன்ற புதுச்சதை எழும்புகிறது. முதலில் வரும் கொலாஜன் பிஞ்சு. மாதங்கள் போகப்போக அது கெட்டியான வகையாக மாற்றிக் கட்டப்படுகிறது. கூடவே, காயத்தின் ஓரங்களைத் தசைபோல இழுத்துச் சுருக்கும் தனிவகை உயிரணுக்கள் வேலைசெய்து குழியை நாளுக்கு நாள் சிறிதாக்குகின்றன. இது நாலு நாளில் நடக்கும் காரியமில்லை. எளிய பவுத்திரத்துக்கு நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகலாம், ஆழமான காயத்துக்கு மூன்று மாதம்கூட ஆகலாம்.

வாரம் ஒருமுறை டாக்டர் விரலால் தொட்டுப் பார்ப்பதும் இதற்காகவே. அடிப்பகுதி நிரம்பும் முன்பே இரண்டு ஓரங்களும் பாலம் போட்டதுபோல் ஒட்டிக்கொள்வது உண்டு. பார்க்க ஆறியது மாதிரி இருக்கும், உள்ளே பொந்து. அதை அன்றைக்கே விரலால் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். "வலிக்குமே" என்று பயந்து அந்தச் சந்திப்பைத் தவிர்க்கிறவர்கள் சில மாதம் கழித்து மறுபடி ஆபரேஷன் மேஜைக்குப் போக நேர்கிறது. வேறு எந்தக் கெடுவைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடக் கூடாது.

மலம் படுகிற இடத்தில் காயத்தைத் திறந்து வைத்தால் செப்டிக் ஆகாதா என்பது அடுத்த பயம். நியாயமான பயந்தான். ஆனால் அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டம் மிக அதிகம். காயம் திறந்திருப்பதால் எதுவும் உள்ளே தேங்குவதில்லை, வடிந்து வெளியேறிவிடுகிறது. கிருமி இருப்பது வேறு, கிருமி தேங்கிப் பெருகுவது வேறு. தண்ணீர் விட்டுக் கழுவினாலே பெரும்பாலும் போதும். சர்க்கரை நோய், சுற்றுத் தோலில் பரவும் சிவப்பு, காய்ச்சல் போன்ற காரணங்கள் இருந்தால்தான் நீண்ட நாள் ஆன்டிபயாடிக் தேவைப்படும். மருந்துக்கடையில் தாமாக வாங்கி நாள்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்து காயம் இன்னும் எரிவதுதான் மிச்சம்.

இந்த நோயின் முன்னால் ராஜாவும் குடியானவனும் ஒன்றாகத்தான் நின்றிருக்கிறார்கள். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686 நவம்பர் 18 அன்று வெர்சாய் அரண்மனையில் பவுத்திர அறுவை நடந்தது. மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம். அவருடைய மருத்துவர் ஷார்ல் ஃபிரான்சுவா ஃபெலிக்ஸ் அதற்குமுன் மாதக்கணக்கில் ஏழை நோயாளிகளின் உடலில் அந்த அறுவையைச் செய்து கைப்பழக்கம் பெற்றார். அந்த ஏழைகளின் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அவர்கள் பட்ட வலிக்கு நாமும் கடன்பட்டவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மன்னரின் காயம் திருப்தியாக ஆறாததால் டிசம்பரில் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருந்தது. 1687 ஜனவரியில்தான் குணமானார். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கும் 1841-ல் இதே அறுவை, அதுவும் மயக்க மருந்து இல்லாமல்தான். செய்தவர் ஃபிரெடரிக் சாமன். 1835-ல் ஏழு படுக்கைகளோடு, இந்த வகை நோயால் அவதிப்படும் ஏழைகளுக்கென்றே லண்டனில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். பின்னாளில் செயின்ட் மார்க்ஸ் என்று பெயர் பெற்றது அதுதான். ஆலன் பார்க்ஸ் ஆராய்ந்ததும் அங்கேதான்.

நம் பக்கத்துக் கதை இன்னும் பழையது. சுசுருதர் பகந்தரம் என்று இதைச் சொல்லி, எளிதில் தீராத எட்டுப் பெருநோய்களில் ஒன்றாக வைத்தார். ஐந்து வகையாகப் பிரித்தார். கத்தியைத் தாங்க முடியாத பலவீனருக்கும் பயந்தவருக்கும் காரம் பூசிய நூலைக் கோத்து அறுக்கலாம் என்றார். இதைத்தான் ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம் என்றும் சித்த மருத்துவத்தில் காரநூல் என்றும் சொல்கிறார்கள். கெட்டியான லினன் நூலில் இலைக்கள்ளிப் பாலைத் தனியாகவும், பின்பு அதோடு நாயுருவிச் சாம்பலின் காரத்தைச் சேர்த்தும், கடைசியில் மஞ்சளைச் சேர்த்தும், மொத்தம் இருபத்தொரு தடவை பூசிக் காயவைப்பது இப்போதைய முறை. நூலைப் பவுத்திரப் பாதை வழியே கோத்துக் கட்டுவார்கள். வாரம் ஒருமுறை பழைய நூலின் நுனியில் புது நூலை முடிந்து இழுத்து மாற்றுவார்கள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வர, அறுபட்ட இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வரும்.

இதைக் கேள்விப்பட்டதோடு விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். தங்களுக்குள் வழக்காடாமல் இரண்டு மருத்துவ முறைகளும் ஒரே தராசில் ஏறிய அரிய ஆய்வு அது. பல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு நூலும் மறு சாராருக்கு அறுவையும் செய்தார்கள். முடிவு 1991-ல் வெளிவந்தது. அறுவைக் காயம் நான்கு வாரத்தில் ஆறியது, நூலுக்கு எட்டு வாரம் ஆனது. ஆனால் நோய் திரும்பியது அறுவையில் 11 சதவீதம், நூலில் 4 சதவீதம். அவசரப்படுகிறவருக்கு ஒரு வழி, பொறுமை உள்ளவருக்கு இன்னொரு வழி என்று நேர்மையாகச் சொல்லிவிட்ட முடிவு அது. அதேசமயம் நூலும் தசையை அறுக்கத்தான் செய்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. உயரமான பாதையில் அனுபவமில்லாதவர் நூலைக் கட்டினால் கத்தி செய்யும் அதே கெடுதலை நூலும் செய்யும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்த இரண்டு மரபும் சொந்தம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண் என்பதால் ஆயுர்வேதம் இங்கே வேரோடியது. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மேலை மருத்துவமும் இங்கே நேற்று வந்ததல்ல. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-லேயே மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராக உழைத்ததும் அங்கேதான். இன்றைக்குப் பூதப்பாண்டிக்காரருக்கு உள்ளூரிலேயே அரசு மருத்துவமனை, நாகர்கோவிலைத் தாண்டி ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. இவ்வளவும் இருக்க, "ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்" என்று சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்துப் போய், ஊசி போட்டுக்கொண்டு, சதை வெந்து, தசை கெட்டு வருகிறவர்களை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

இனி வீட்டு விஷயம். முதல் பயம் முதல் மலம். அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் போகாமல் இருப்பது வழக்கந்தான். ஆனால் பலர் "சாப்பிட்டால்தானே போகணும்" என்று கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மலம் உள்ளே தங்கத் தங்க, குடல் அதன் நீரை உறிஞ்சிக் கெட்டியாக்கிவிடும். தள்ளிப்போட்ட வலி இரண்டு மடங்காக வரும். வலியால் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் கெட்டியாகும். இந்தச் சுழற்சியை உடைக்க வேண்டும். வலி மாத்திரையை வலி முற்றும் முன்பே, சொன்ன நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். டிரமடால், கோடீன் வகை மாத்திரைகள் மலத்தைக் கட்டும் என்பதால் அவற்றோடு மலமிளக்கியும் எழுதியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் நாஞ்சில் நாட்டுக்கு நல்ல வசதி உண்டு. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இதற்கு மட்டிப்பழத்தை மட்டும் நம்புகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அருமையான பழந்தான், குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம், ஆனால் சின்னப் பழம், ஒன்றில் இருக்கும் நார் இரண்டு கிராமைத் தாண்டாது. அதைவிடக் கஞ்சியும் சிறுபயறும் எவ்வளவோ மேல். வெந்த சிறுபயறு ஒரு கப்பில் சுமார் 15 கிராம் நார் இருக்கிறது, காயத்தைக் கட்டத் தேவையான புரதமும் இருக்கிறது. கூடவே கீரைத் துவரன், வாழைத்தண்டு, வாழைப்பூ. மரச்சீனி பெரும்பாலும் மாவுதான், அதை நாருக்காக எண்ண வேண்டாம். இசப்கோல் எடுக்கிறவர்கள் ராத்திரி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனேயே குடித்துவிட வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதே இசப்கோல் குடலுக்குள் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். மலம் இளகலாக, உருக்கொண்டு வந்தால் போதும். பேதி மருந்து குடித்து நீராகப் போகவிடுவது காயத்துக்கு நல்லதல்ல.

பத்தியம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மீன் தின்றால் சீழ் வைக்கும், முட்டை சூடு, கரப்பான் பண்டம் எதுவும் ஆகாது என்று வயதானவர்கள் அன்போடுதான் தடுக்கிறார்கள். ஆனால் புதுச்சதை என்பது புரதத்தால் ஆனது. அதைப் பின்ன வைட்டமின் சி வேண்டும். சாளை, அயிலை, நெத்திலி, முட்டை, பருப்பு, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் இந்த வாரங்களில்தான் அதிகம் தேவை. குறைக்க வேண்டியது மிளகாய். மிளகாயின் காரப்பொருள் முழுக்கச் செரிக்காமல் வெளியே வருகிறது. நாக்கில் அதை எரிச்சலாக உணரும் அதே வகை ஏற்பிகள் ஆசனவாய்த் தோலிலும் உண்டு. மீன்கறியை நிறுத்த வேண்டாம், வற்றல் மிளகாயைக் குறைத்து வையுங்கள்.

"அண்ணாச்சி, சுடுதண்ணில உக்காருங்க" என்று நர்ஸ் சொல்லி அனுப்புவது வெறும் சம்பிரதாயமில்லை. வெதுவெதுப்பான நீர் உள்வளையத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. வலியின் பெரும்பகுதி அந்த இறுக்கத்தால் வருவதுதான். அகலமான பிளாஸ்டிக் பேசினில், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூட்டில், பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, அத்துடன் மலம் கழித்த பின்னும். உப்புப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. டெட்டால் மட்டும் வேண்டாம், கிருமியோடு முளைத்துவரும் புது உயிரணுக்களையும் அது கொல்லும். சோப்பும் அப்படித்தான். கழுவும் குழாயை வேகமாகத் திருப்பிப் பீய்ச்ச வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பழையாற்றிலும் ஊர்க் குளத்திலும் முங்கிக் குளிக்கும் பழக்கமுள்ளவர்கள் காயம் முழுக்க மூடும்வரை வீட்டுக் குளியலோடு இருப்பதே நல்லது. ஆடு மாடும் எலியும் தொடும் தண்ணீர், திறந்த காயத்துக்கு ஆகாது.

கக்கூஸில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். குத்தவைக்கும் கக்கூஸ் கெடுதல் என்பது தவறான எண்ணம். குத்தவைக்கும்போது குடலின் வளைவு நேராகி முக்கல் குறைகிறது. முழங்கால் ஒத்துழைத்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மேலைக் கழிப்பறையென்றால் காலடியில் ஒரு மணைப்பலகையை வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்ளலாம்.

கசிவைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். முதல் சில நாள் இரத்தம் கலந்து வரும். பிறகு மஞ்சளான நீர் வாரக்கணக்கில் வரும். காயத்தின்மேல் வெளிர்மஞ்சள் படலம் இருக்கலாம். இவையெல்லாம் ஆறுவதன் பகுதிதான், சீழ் என்று எண்ண வேண்டாம். காயத்துக்குள் மருந்துத்துணியை அடைத்துத் திணிக்கத் தேவையில்லை, ஓரங்கள் ஒட்டாதபடி லேசாக வைத்தால் போதும். சீழ்க்கட்டியைக் கீறிய பின் துணி திணிப்பதும் திணிக்காமல் விடுவதும் பற்றிப் பிரிட்டனில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், திணிக்காதவர்களுக்கு வலி குறைவாகவும் பலன் குறையாமலும் இருந்தது. அது கட்டிக்கான ஆய்வு. பவுத்திரக் காயத்துக்கு உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். உடையில் கறைபடாமல் இருக்கச் சானிட்டரி நாப்கின்தான் எல்லாவற்றிலும் வசதி. ஆண்கள் அதைக் கடையில் கேட்கக் கூசி, கிழிந்த லுங்கியை மடித்து வைத்து, அது காயத்தில் ஒட்டிப் பிய்ந்து அவதிப்படுகிறார்கள். மனைவியிடமோ மைனியிடமோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

உட்காருவதற்கு மெத்தென்ற தலையணை போதும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தைப் பல மருத்துவர்கள் விரும்புவதில்லை, அந்த இடம் தொங்கி வீங்க அது இடம்கொடுக்கிறது. மேஜை வேலைக்காரர்கள் ஒன்று இரண்டு வாரத்தில் திரும்பலாம். வயலில் இறங்குகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டியிருக்கும். தோவாளையில் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பூக்கட்டும் பெண்கள் அரை மணிக்கு ஒருதடவை எழுந்து நடக்க வேண்டும். வடசேரிக்குப் பேருந்தில் போகிறவர் நின்றுகொண்டே போகலாம், பைக்கை மட்டும் காயம் மூடும்வரை தொட வேண்டாம். கூலி நின்றுபோகுமே என்ற நெருக்கடியில்தான் பலர் சீக்கிரம் வேலைக்கு ஓடுகிறார்கள். அது புரிகிறது. முதலாளிகளுக்கும் இது புரிய வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கி, காயத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும்.

சில வாரங்களுக்கு வாயு தன்னையறியாமல் பிரியலாம், உள்ளாடையில் லேசாக மலக்கறை படலாம். தசையின் ஒரு பகுதி ஆறிக்கொண்டிருப்பதால் வருவது இது. பெரும்பாலோருக்கு நாளாவட்டத்தில் சரியாகிவிடும். பிரசவத்தில் கிழிந்து தைத்த பெண்களுக்கு அந்தத் தசை ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கலாம். அவர்கள் இதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், எவ்வளவு அறுப்பது என்ற முடிவையே அது மாற்றும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டால், நாப்கின் நனைந்து வழியுமளவு இரத்தம் போனால், காய்ச்சலோடு வீக்கம் பரவினால், குறைந்துவந்த வலி திடீரென்று கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூன்று மாதம் தாண்டியும் கசிவு நிற்கவில்லையென்றால் பாதை மிச்சமிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். இன்னொன்றையும் நம் நாட்டில் மறக்கக் கூடாது. பவுத்திரத்துக்குக் காசநோயும் காரணமாக இருக்கலாம். அறுத்தெடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு என்ன என்று கேட்பது நோயாளியின் உரிமை. காசநோய் என்றால் எத்தனை தடவை அறுத்தாலும் ஆறாது, அரசு இலவசமாகத் தரும் மாத்திரைகளை ஆறு மாதம் முழுக்கச் சாப்பிட்டால் ஆறும். குடலில் வரும் கிரோன் நோயும் அப்படி ஒரு காரணம். திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால் அதையும் தேட வேண்டும்.

முதுகில் கட்டி என்றால் ஊர் முழுக்கக் காட்டுவோம். இந்த இடத்தில் என்பதால் வருஷக்கணக்கில் மறைக்கிறோம். மறைக்கிற காலத்தில் ஒரு பாதை இரண்டாகக் கிளைக்கிறது, அடியில் இருந்தது உயரத்துக்கு ஏறுகிறது, ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய அறுவை மூன்று கட்டமாகிறது. ஆண் டாக்டரிடம் காட்டக் கூசும் பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், இல்லையென்றால் பெண் செவிலியரை உடன் நிற்கச் சொல்லலாம், அது நடைமுறைதான். வீட்டில் யாராவது உட்காரும்போது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால், பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தால், தனியாகத் துணி துவைத்துக்கொண்டால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பூதப்பாண்டி அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளத்து அறுவைப் பிரிவுக்கோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.